ஒரே ஆளுக்கு ‘தே’ போடலாமா?

வாசகர் கேள்வி, 11 ஜனவரி 2025

எங்கள் மேலாளர் அனுப்பும் ஆங்கில மின்னஞ்சல்களில் ‘எவ்ரி எம்ப்ளாயி’ என்று தொடங்கி ‘தேர்’ (their) என்று முடிக்கிறார். ஒருமையில் ஆரம்பித்துப் பன்மையில் முடித்தால் எங்கள் பள்ளியில் சிவப்பு மை விழும். ‘ஹிஸ்’ தான் சரி, ‘ஹி’ என்றாலே ஆண் பெண் இருவரும் அடக்கம் என்று சொல்லித் தந்தார்கள். இப்போது எங்கே பார்த்தாலும் ‘தே’ (they). இது கடந்த பத்து வருடத்தில் அமெரிக்காக்காரர்கள் கிளப்பிவிட்ட ஃபேஷன்தானே? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

11 ஜனவரி, இரவு

ஃபேஷன் இல்லை. அறுநூறு வருடத்துக்கு மேலான பழக்கம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி ஒருமை ‘தே’க்குக் காட்டும் முதல் சான்று 1375ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இளவரசன் ஒருவன் ஓநாயாக மாறிவிடும் பழைய கதைப்பாட்டு அது. அப்புறம் சாசர் எழுதியிருக்கிறார், ஷேக்ஸ்பியர் எழுதியிருக்கிறார், ஜேன் ஆஸ்டின் தாராளமாகவே எழுதியிருக்கிறார். ‘ஒவ்வொருவரும்’, ‘யாராவது’, ‘எவரும்’ என்று ஆள் யாரென்று தெரியாத இடத்தில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாயில் இயல்பாக வருவது ‘தே’ தான்.

பின்னால் வந்தது உங்கள் ‘ஹிஸ்’ விதி. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு லத்தீன் மாதிரி கச்சிதமாக இலக்கணம் எழுத வேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. பொதுவாக ஒரு ஆளைச் சொல்லும்போது ஆண்பாலே போதும் என்று முதலில் அச்சில் ஏற்றியவர்களில் ஒருவர், நியூகாசிலில் பள்ளி நடத்திய ஆன் ஃபிஷர் என்ற பெண்மணி. 1795இல் லிண்ட்லி மரே என்பவரின் இலக்கணம் வந்தது. நன்றாக இருந்த ‘தே’ வாக்கியங்களை எடுத்துப்போட்டு, இது பிழை, இதைத் திருத்து என்று பயிற்சி கொடுத்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதைப் படித்தார்கள். உங்கள் வாத்தியார் போட்ட சிவப்பு மை அந்தப் பாட்டிலில் இருந்து வந்ததுதான்.

நான் ஆங்கில மென்பொருள் கையேடுகளைத் திருத்திப் பிழைப்பவள். அதனால்தான் இவ்வளவு பேச்சு.

12 ஜனவரி

“வரலாறு சரி, ஆனால் ஒரே ஆளைக் காட்டிவிட்டு ‘ஆர்’ என்று பன்மை வினை எப்படிப் போடுவது, காது கூசாதா” என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

உங்களிடம் நான் ‘யூ ஆர் லேட்’ என்று சொன்னால் காது கூசுகிறதா? ஒரு ஆள்தானே நீங்கள்?

‘யூ’ ஆதியில் பன்மை. ஒருமைக்கு ‘தௌ’ (thou) என்று தனிச்சொல் இருந்தது. பெரிய மனிதர்களிடம் மரியாதைக்காகப் பன்மையை நீட்டினார்கள், நாம் ‘நீங்கள்’ போடுவது போலவே. அது கீழே இறங்கி இறங்கி, கடைசியில் யாரிடமும் ‘தௌ’ சொல்லத் தயங்கி, அந்தச் சொல்லே போய்விட்டது. 17ஆம் நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஒரு ஆளுக்குப் பன்மை போடுவது பொய், முகஸ்துதி என்பது அவர்கள் கட்சி. நீதிபதியிடம் போய் நின்றாலும் ‘தௌ’ தான். அதற்காக அடி வாங்கியவர்களும் உண்டு. இன்று ‘தே’க்கு எதிராக எழுப்பும் அதே இலக்கண வாதம், அன்று ‘யூ’வுக்கு எதிராக. எண் பொருந்தவில்லை, எண் பொருந்தவில்லை என்று.

குவேக்கர்கள் தோற்றார்கள். இலக்கணப்படி நியாயம் அவர்கள் பக்கம்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

12 ஜனவரி, மதியம்

ஒரு சின்ன நிர்வாகப் பிரச்சினை. தமிழ் எழுத்தில் ‘தேர்’ என்று எழுதும்போதெல்லாம் எனக்குத் திருவாரூர்தான் ஞாபகம் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

14 ஜனவரி

பொங்கல் விடுமுறை, நேரம் இருக்கிறது. ‘ஹி என்றால் இருவரும் அடக்கம்’ என்று கேள்வி கேட்டவர் எழுதினாரே, அதைக் கொஞ்சம் பார்க்கலாம். அது பள்ளிக்கூட விதியாக மட்டும் நிற்கவில்லை. சட்டமாகவே போட்டார்கள்.

1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சட்ட வாசகங்களைச் சுருக்குவதற்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. இனி எந்தச் சட்டத்திலும் ஆண்பால் சொல் வந்தால் பெண்ணும் அதில் அடக்கம், வேறுவிதமாக வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் ஒழிய. நல்ல ஏற்பாடு, காகிதம் மிச்சம். 1867இல் வாக்குரிமையை விரிவாக்கிய சட்டம் ‘மேன்’ என்ற சொல்லைப் பயன்படுத்தியது. மான்செஸ்டரில் ஆயிரக்கணக்கான பெண்கள், “1850 சட்டப்படி அந்தச் சொல்லில் நாங்களும் உண்டு, பட்டியலில் பெயரைச் சேருங்கள்” என்று கிளம்பினார்கள். 1868இல் நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. வாக்கு என்று வரும்போது ஆண் என்றால் ஆண்தானாம்.

அமெரிக்காவில் பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் பி. ஆன்டனி 1872இல் ரோச்செஸ்டர் நகரத்தில் துணிந்து ஓட்டுப் போட்டார். கைது, 1873இல் விசாரணை, நூறு டாலர் அபராதம். (கடைசிவரை கட்டவில்லை.) விசாரணைக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அதில் ஒரு வாதம் முழுக்க முழுக்கப் பிரதிப்பெயர் வாதம். வரிச் சட்டத்திலும் ‘ஹி, ஹிஸ், ஹிம்’ தான், குற்றவியல் சட்டத்திலும் அதேதான். அதைக் காட்டி ‘நான் பெண், எனக்கு வரி கிடையாது, எனக்குத் தண்டனை கிடையாது’ என்றால் விட்டுவிடுவீர்களா? கட்டும்போது ‘ஹி’யில் பெண் உண்டு, ஓட்டுப் போடும்போது மட்டும் எங்கே போனாள்? இதற்கு இன்றுவரை யாரும் உருப்படியாகப் பதில் சொல்லிக் கேட்டதில்லை.

நம் பக்கத்துக் கதை இன்னும் கிட்டே வருகிறது. 1897ஆம் ஆண்டுப் பொது வாசகச் சட்டம், 13ஆம் பிரிவு, கிட்டத்தட்ட 1850இன் பிரதி: ஆண்பாலில் பெண்பாலும் அடக்கம், இடத்தின் பொருளுக்கு முரண்படாவிட்டால். அந்தக் கடைசி வால்தான் வில்லங்கம். 1916இல் கல்கத்தாவில் ரெஜினா குஹா என்ற சட்டப் பட்டதாரி, அலிப்பூர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். 1879ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் எங்கும் ‘ஹி’ தான். 13ஆம் பிரிவைக் காட்டி, அதில் நானும் உண்டு என்றார். உயர் நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து கேட்டார்கள். மறுத்துவிட்டார்கள். சட்டம் எழுதிய காலத்தில் பெண் வக்கீலாக வருவாள் என்று யாரும் நினைத்திருக்க முடியாது, அதனால் இங்கே ‘ஹி’ என்றால் ஆண்தான் என்று போயிற்று வாதம். பாட்னாவிலும் பின்னால் இதே கதை. ஆனால் 1921இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் கார்னீலியா சொராப்ஜி என்ற பெண்ணை வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டது. 1923இல் தனியாக ஒரு சட்டம் போட்டு, பெண் என்பதற்காக மட்டும் யாரையும் மறுக்கக் கூடாது என்று எழுத வேண்டி வந்தது. ‘ஹி’யில் நிஜமாகவே பெண் அடக்கம் என்றால் 1923 சட்டத்துக்கு வேலையே இல்லையே.

என் கட்சி இதுதான். ‘ஹி’ பொதுச்சொல் என்பதை, கேட்க யாரும் வராதவரை எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். ஒரு பெண் வந்து நின்று ‘அது நான்தான்’ என்று சொல்லும் அன்று அகராதியைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

15 ஜனவரி

“அதெல்லாம் வெள்ளைக்காரன் காலம்” என்று பதில் வந்திருக்கிறது. சரி, சமீபத்துக்கு வருவோம். இந்தியத் தண்டனைச் சட்டம் 1860, 8ஆம் பிரிவு: ‘ஹி’ என்ற பிரதிப்பெயர் ஆண், பெண் யாரையும் குறிக்கும். அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டுக் கொண்டுவந்த பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதில் 2ஆம் பிரிவில் இதே விஷயம்: ‘ஹி’ என்பது ஆண், பெண், திருநர் யாரையும் குறிக்கும். சேர்க்க வேண்டியவரைச் சேர்த்தது சந்தோஷம். ஆனால் உள்ளே வருகிறவர்கள் கூடினார்களே தவிர, வாசல் பலகையில் அதே ‘ஹி’.

பிரிட்டன் அந்தப் பலகையைக் கழற்றிவிட்டது. 2007 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா அறிவித்தார்: அரசு கொண்டுவரும் மசோதாக்களில் முடிந்தவரை பால் சுட்டாத வாசகமே. எப்படிச் செய்கிறார்கள் என்று எடுத்துப் படித்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ‘தே’ போட்டுத் தள்ளவில்லை. பெரும்பாலும் பெயரையே திரும்பச் சொல்கிறார்கள். ‘அமைச்சர் கருதினால் அமைச்சர் உத்தரவிடலாம்’ என்கிற மாதிரி. படிக்கச் சலிப்பு, ஆனால் சண்டை வராது.

18 ஜனவரி

“உன் வேலையில் நீ என்ன செய்வாய், அதைச் சொல்” என்று ஒரு தம்பி கேட்கிறார். நியாயமான கேள்வி.

கையேட்டில் வரும் சாதாரண வாக்கியம்: ஒவ்வொரு பயனரும் தன் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கிடைத்த பழைய கோப்புகளில் இது ‘ஹிஸ் பாஸ்வேர்ட்’. கொஞ்சம் பிந்தியவற்றில் ‘ஹிஸ் ஆர் ஹெர்’. அதற்கும் பிந்தியவற்றில் எஸ் எழுத்துக்கும் ‘ஹி’க்கும் நடுவே சாய்கோடு போட்டு ஒரு விநோதம். அதை வாய்விட்டு வாசிக்கவே முடியாது. ஒரு கோப்பில் மட்டும் எவரோ புண்ணியவான் ஒற்றைப்படை அத்தியாயத்தில் ‘ஹி’யும் இரட்டைப்படையில் ‘ஷி’யுமாகப் போட்டிருந்தார். நிர்வாகி மூன்றாம் அத்தியாயத்தில் ஆண், நான்காம் அத்தியாயத்தில் பெண். வாடிக்கையாளர் இரண்டு நிர்வாகிகள் தேவையா என்று கேட்டாராம்.

நான் செய்வது வரிசையாக:

முதலில் ‘யூ’. உன் கடவுச்சொல்லை மாற்று, முடிந்தது. கையேடு படிக்கிறவரிடம் நேராகப் பேசினால் பிரச்சினையே எழாது. அடுத்தது பன்மை: பயனர்கள் தங்கள் கடவுச்சொற்களை. அதுவும் ஒத்துவராவிட்டால் பிரதிப்பெயரையே எடுத்துவிட்டு ‘தி பாஸ்வேர்ட்’. இந்த மூன்றும் கைகொடுக்காத இடத்தில் ஒருமை ‘தே’, தயக்கமே இல்லாமல். ‘ஹி ஆர் ஷி’ ஒரு முறை வந்தால் தாங்கலாம். ஒரே பத்தியில் மூன்று தடவை வந்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிடுகிறது, இரு வீட்டார் பெயரையும் விடாமல் போட வேண்டும் என்று.

பத்திரிகைகளும் பதிப்பகங்களும் மெதுவாகத்தான் வந்தன. வாஷிங்டன் போஸ்ட் 2015 டிசம்பரில் ஒத்துக்கொண்டது. அசோசியேட்டட் பிரஸ் 2017இல், மாற்றி எழுத வழியில்லாத இடத்தில் போடலாம் என்று இழுத்துக்கொண்டே சொன்னது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடு 2019இல் நேராகவே பரிந்துரைத்தது. ஆய்வுக்கட்டுரை எழுதும் பிள்ளைகளே, உங்கள் வழிகாட்டி ‘தே’யை அடித்துத் திருத்தினால் இதைக் காட்டுங்கள். காட்டுவதா வேண்டாமா என்பது வழிகாட்டியின் குணத்தைப் பொறுத்தது.

19 ஜனவரி

நேற்று எழுதியதில் ‘தே’யை ரொம்பத் தூக்கிவிட்டேனோ என்று இருக்கிறது. எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு, அது இலக்கண நியாயம் இல்லை, புரியாமை பற்றியது.

நிர்வாகி ஒரு பயனரை நீக்கினால் ‘தே’க்கு மின்னஞ்சல் போகும் என்று ஒரு வாக்கியம். யாருக்குப் போகும்? நிர்வாகிக்கா, நீக்கப்பட்டவருக்கா, இரண்டு பேருக்குமா? பழைய ‘ஹி’ போட்டிருந்தாலும் முதல் இரண்டில் குழப்பம் உண்டு. ‘தே’ மூன்றாவதாக ஒரு வழியையும் திறந்துவிடுகிறது. மென்பொருளில் இது சின்ன விஷயம் இல்லை. இதைப் படித்துத்தான் ஒருவர் சோதனை எழுதுவார். ஒப்பந்தத்தில் வந்தால் இன்னும் மோசம். ‘தே’ பணம் கட்ட வேண்டும் என்றால் யார் யார் கட்ட வேண்டும்?

அந்த இடத்தில் ‘நீக்கப்பட்ட பயனருக்கு’ என்று பெயரைத் திரும்ப எழுதுவதுதான் ஒரே மருந்து.

23 ஜனவரி

விஷயத்தை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு நம் பெயர்களில் ஆணா பெண்ணா தெரியாது. நமக்கே தெரியாதே! ஜோதி, மணி, கிருபா, கிரண் எல்லாம் இரு பக்கமும் உண்டு. என் பெயரும் அந்த ரகம். பெண் என்று தெரியாமல் ‘மிஸ்டர்’ போட்டு எழுதுவார்கள், மற்றவர்களுக்கு எழுதும்போது என்னை ‘ஹி’ என்பார்கள். வருடக்கணக்கில் திருத்தாமல் விட்டிருக்கிறேன், வேலை நடந்தால் சரி என்று. பின்னொரு நாள் வீடியோ அழைப்பில் முகத்தைப் பார்த்ததும் அவர்கள் மன்னிப்புக் கேட்டே பாதி நேரம் போய்விடும். அவர்களில் சிலர் இப்போது முகம் தெரியாதவரை ‘தே’ என்றே எழுதுகிறார்கள். எனக்கு அது நிம்மதி. அதில் அரசியல் எதுவும் இல்லை, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வழி, அவ்வளவுதான்.

ஒருகாலத்தில் ‘மிஸ்டர்’ என்று நினைத்தவரை என் கேள்விகளுக்குப் பதில் சீக்கிரம் வந்ததோ என்று ஒரு சந்தேகம் உண்டு. நிரூபிக்க முடியாது, விடுங்கள்.

இன்னொன்று. எங்கள் குழுவில் வங்காளத்துக்காரர் ஒருவர் இருந்தார். அருமையான ஆங்கிலம், ஆனால் வேகமாகப் பேசும்போது ‘ஹி’யும் ‘ஷி’யும் இடம் மாறிவிடும். அவர் மனைவி ‘ஹி’, மேலாளர் ‘ஷி’. வங்காள மொழியில் ‘அவன், அவள்’ பிரிவே கிடையாது. துருக்கி, ஃபின்னிஷ், ஹங்கேரியன், பாரசீகம் எல்லாம் அப்படித்தான். நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார். அந்த மொழிகள் எதுவும் இதனால் ஒடிந்து விழுந்துவிடவில்லை. அந்தச் சமூகங்களில் பெண்களுக்குச் சமத்துவம் தானாக வந்துவிடவும் இல்லை. இரண்டு கட்சிக்காரர்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

25 ஜனவரி

முதல் நாள் நான் எழுதியதைப் பிடித்துக்கொண்டு ஒருவர், “ஷேக்ஸ்பியரே எழுதியிருக்கிறார், அப்புறம் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை என்கிறவர்கள் தங்களை ‘தே’ என்று சொல்லச் சொல்வதில் என்ன புதுசு” என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்லவரும் முடிவு எனக்கு உடன்பாடு. காரணம் உடன்பாடு இல்லை.

1375இலிருந்து வருவது யாரென்று தெரியாத ஆளுக்கு, அல்லது யாராக இருந்தாலும் ஒன்றுதான் என்ற ஆளுக்கு. இன்று கேட்பது பெயர் தெரிந்த, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு. இது புதுசுதான். மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2019 செப்டம்பரில்தான் இந்தப் பொருளைத் தனியாகச் சேர்த்தது, அந்த வருடமே ‘தே’யை ஆண்டின் சொல்லாகவும் அறிவித்தது. அமெரிக்க வட்டார வழக்குச் சங்கம் அதற்கு முன்பே 2015க்கான சொல்லாகத் தேர்ந்தெடுத்திருந்தது. புதுசு என்று ஒத்துக்கொள்வதால் ஒன்றும் குறைந்துவிடாது. ‘யூ’வும் ஒருநாள் புதுசாகத்தான் இருந்தது.

பழகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பதும் உண்மை. எங்கள் வாடிக்கையாளர் பக்கத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். கூட்டக் குறிப்பை எங்கள் பையன் ஒருவன் ஒழுங்காக எழுதினான்: இன்னார் வரைபடத்தைப் பார்த்தார், ‘தே’ வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புவார்கள். அதைப் படித்த இன்னொரு குழு, அனுப்பப்போவது வாடிக்கையாளரின் வடிவமைப்புப் பிரிவு என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பிரிவுக்கே நினைவூட்டல் அனுப்பிவிட்டது. அங்கே யாருக்கும் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. இப்போது குறிப்புகளில் வேலை யாருடையது என்ற வரியில் மட்டும் பெயரை எழுதுகிறோம். மற்ற இடத்தில் ‘தே’. சிக்கல் தீர்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், அவரைப் பற்றி எங்களுக்குள் தமிழில் பேசும்போது யாரும் தடுமாறவே இல்லை. ‘அவங்க’ என்று வந்துவிட்டது.

26 ஜனவரி

எதிர்பார்த்தேன். “தமிழில் ‘அவர்’ இருக்கிறதே, நமக்கு இந்தப் பிரச்சினையே இல்லை” என்று நான்கைந்து பதில்கள்.

எழுத்தில் சரி. பேச்சில் ‘அவரு நாளைக்கு வராரு’ என்று சொன்னால் உங்கள் மனத்தில் பெண் வருகிறாளா? பெண்ணென்றால் ‘அவங்க வராங்க’ என்போம். ‘அவரு’ பேச்சில் ஆணிடம் போய்விட்டது. மார்தட்ட வேண்டாம். ஆங்கிலத்துக்கு வருவோம்.

2 பிப்ரவரி

மின்னஞ்சல் கையொப்பத்தின் கீழே ‘ஷி, ஹெர்’ என்று பிரதிப்பெயர் போடுவது பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு இதில் இரண்டு மனம். என் பெயரின் கதையைச் சொன்னேன், அந்த வகையில் போட்டால் லாபம் எனக்குத்தான். ‘மிஸ்டர்’ ஒழியும். தன்னைப் பற்றி விளக்கம் சொல்லிச் சொல்லிக் களைத்த ஒருவருக்கு, எல்லாரும் போடும்போது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்க வேண்டாம் என்பதும் நியாயம்.

ஆனால் கட்டாயமாக்கும்போது உதைக்கிறது. தன் பால் அடையாளத்தைப் பற்றி இன்னும் வீட்டில்கூடச் சொல்லாத ஒருவர், சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர், அந்தக் கட்டத்தில் என்ன நிரப்புவார்? ஒன்று பொய், இல்லாவிட்டால் அலுவலகம் முழுக்க அறிவிப்பு. அப்புறம் நான் பெண் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்ற நிலை எனக்கும் சில இடத்தில் வேண்டாம், 23ஆம் தேதி ‘மிஸ்டர்’ பற்றிச் சொன்ன சந்தேகம் காரணமாக. விருப்பப்பட்டவர் போடட்டும், போடாதவரை ஏன் என்று கேட்காமல் இருந்தால் போதும். எங்கள் அலுவலகத்தில் இப்போதைக்கு அப்படித்தான்.

3 பிப்ரவரி

“புதுச்சொல் ஒன்று உருவாக்கிவிட்டால் இவ்வளவு பாடு வேண்டாமே?” செய்தார்கள் ஐயா, ஒன்றல்ல, நூற்றுக்கு மேல்.

மிகவும் பேர் வாங்கியது ‘தொன்’ (thon). சார்ல்ஸ் கிரோஸட் கான்வர்ஸ் என்பவர் ‘தட் ஒன்’ என்பதைச் சுருக்கிச் செய்து 1884இல் வெளியிட்டார். வக்கீல், இசையமைப்பாளரும்கூட. கிறிஸ்தவர்கள் உலகம் முழுக்கப் பாடும், இயேசுவை நண்பர் என்று அழைக்கும் பாமாலைக்கு மெட்டுப் போட்டவர் இவர்தான். ‘தொன்’ 1934 வெப்ஸ்டர் அகராதிக்குள்ளேயே போய்விட்டது. யாரும் பயன்படுத்தவில்லை, 1961 பதிப்பில் தூக்கிவிட்டார்கள். 1912இல் சிகாகோ பள்ளிகளின் தலைமைப் பொறுப்பில் இருந்த எல்லா ஃப்ளாக் யங், ‘ஹிஸ்’ஸையும் ‘ஹெர்’ரையும் ஒட்டி ‘ஹிஸர்’ என்று பேசிப் பார்த்தார். பத்திரிகைகளில் கொஞ்ச நாள் அடிபட்டது.

ஸ்வீடனில் மட்டும் ‘ஹென்’ என்ற சொல் ஊன்றிக்கொண்டது, 2015இல் அவர்களுடைய அகாதமி சொற்பட்டியலில் ஏறிவிட்டது. ஆங்கிலத்தில் புதுச்சொல் நிற்காததற்குக் காரணம் என் யூகம்: அந்த இடம் காலியாகவே இல்லை, ‘தே’ ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

அப்புறம், கான்வர்ஸின் ‘தொன்’னை அமெரிக்க உச்சரிப்பில் சொன்னால் கிட்டத்தட்ட நம் ‘தான்’ தான். ஆண் பெண் பார்க்காத ‘தான்’. கான்வர்ஸுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் மெனக்கெட்டிருக்க மாட்டார்.

5 பிப்ரவரி

கப்பலை ஏன் ‘ஷி’ என்கிறார்கள் என்று கேட்டவருக்கு: இப்போது எல்லாரும் சொல்வதில்லை. கப்பல் வணிகத்தின் பழம்பெரும் செய்தித்தாள் லாய்ட்ஸ் லிஸ்ட் 2002இல் ‘இட்’டுக்கு மாறிவிட்டது. பிரிட்டிஷ் கடற்படை மாறவில்லை. 2019இல் ஸ்காட்லாந்துக் கடல்சார் அருங்காட்சியகத்தில் யாரோ தகவல் பலகைகளில் ‘ஷி’யைச் சுரண்டி அழிக்க, அருங்காட்சியகம் ‘இட்’டுக்கே மாறிக்கொண்டது. ஊரே ரெண்டுபட்டது. ஒரு இரும்புப் பெட்டிக்கு என்ன பால் என்று அத்தனை சூடாகச் சண்டை போட்டவர்கள்தான், மனிதர் ஒருவர் தனக்கு இன்ன சொல் வேண்டும் என்று கேட்டால் அற்பம் என்கிறார்கள்.

‘இட்’ என்றதும் ஞாபகம். அதன் உடைமைச்சொல் ‘இட்ஸ்’ ஷேக்ஸ்பியர் காலத்தில்தான் புழக்கத்துக்கு வருகிறது. அதற்கு முன் உயிரற்றதுக்கும் ‘ஹிஸ்’ தான். 1611 விவிலிய மொழிபெயர்ப்பில் உப்பு சாரமற்றுப் போகும் வசனத்தில் உப்புக்கு ‘ஹிஸ்’. பிரதிப்பெயர் காலம் காலமாக மாறாதது என்று யாராவது சொன்னால் உப்பை நீட்டுங்கள்.

9 பிப்ரவரி

மொழிபெயர்ப்பு இயந்திரம் பற்றி ஒரு வரி, மகளின் வீட்டுப்பாடத்துக்கு உதவியபோது கண்ணில் பட்டது. தமிழில் ‘அவர் பொறியாளர்’ என்று கொடுத்தால் ‘ஹி’ என்று வந்தது. துருக்கியில் இதே பிரச்சினை பெரிதாகப் பேசப்பட்டு, கூகுள் 2018 டிசம்பரில் ‘ஹி’, ‘ஷி’ இரண்டையும் காட்ட ஆரம்பித்தது. அதே வருடம் ஜிமெயிலில் வாக்கியத்தை முடித்துத் தரும் வசதியிலிருந்து பால் காட்டும் பிரதிப்பெயர்களையே எடுத்துவிட்டார்கள். முதலீட்டாளரைச் சந்திக்கப் போகிறேன் என்று தட்டினால் ‘ஹிம்’ என்று எடுத்துக்கொடுத்ததாம். 1916இல் ஐந்து நீதிபதிகள் செய்த யூகத்தை இது ஒரு நொடியில் செய்கிறது.

16 பிப்ரவரி

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் துணைவிதிகள் பற்றி வந்த கேள்விக்குப் பதில். உங்கள் சங்கத் தலைவர் பெண், விதிகள் முழுக்க ‘சேர்மன்’, ‘ஹி’, மாற்ற வேண்டும் என்கிறீர்கள், செயலாளர் ‘பொது வாசகச் சட்டம் இருக்கிறது, வீண் வேலை’ என்கிறார்.

செயலாளர் சொல்வது சட்டத்தை எழுதும் பாணிக்குப் பொருந்தும். உங்கள் விதிகளில் ‘ஆண்பாலில் பெண்பாலும் அடக்கம்’ என்ற வாசகம் தனியாக இருக்கிறதா என்று முதல் பக்கத்தில் விளக்கப் பகுதியைப் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். இருந்தால் அவசரம் எதுவும் இல்லை. ஆனால் எப்படியும் பராமரிப்புக் கட்டண விதியைத் திருத்தப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், அதற்குச் சிறப்புத் தீர்மானம் போட்டுப் பதிவாளரிடம் தாக்கல் செய்தே ஆக வேண்டும். அதோடு இதையும் சேர்த்து ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

‘சேர்மன்’ வந்த இடமெல்லாம் ‘பிரசிடென்ட்’. ‘ஹி’ வந்த இடத்தில் ‘தே’ போடாதீர்கள். தலைவரும் செயலாளரும் சேர்ந்து கையெழுத்திடும் காசோலை விதி ஒன்று உங்கள் கோப்பில் இருக்கிறது, 14ஆவது பத்தி. அங்கே ‘தே’ போட்டால் ஒருவர் கையெழுத்தா இருவர் கையெழுத்தா என்று வங்கியில் நிறுத்திவிடுவார்கள். பதவிப் பெயரையே திரும்ப எழுதுங்கள். ‘உறுப்பினர்’ வரும் விதிகளில், ஒவ்வொரு உறுப்பினரும் தன் வண்டியைத் தன் இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது போன்றவற்றில், ‘தேர்’ தாராளமாகப் போடலாம். கண்டுபிடித்து மாற்றும் பொத்தானை மட்டும் கண்மூடி அழுத்த வேண்டாம். ‘ஹிஸ்’ஸை மொத்தமாக மாற்றினால் ‘ஹிஸ்டரி’யும் சேர்ந்து மாறும். கோப்பை அனுப்பினால் 14ஆவது பத்தியை நான் பார்த்துத் தருகிறேன், மற்றதை நீங்களே செய்யலாம்.